இடத்து மாடு

சங்கரன்கோவிலில் படம் பார்த்துவிட்டு, திருவேங்கடம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"படம் எடுத்தவன் அந்தக் காலத்து சம்சாரி கதைங்கான். இடத்து மாட்ட ஏர்ல வலத்துல பூட்டிருக்கான்!" என்றார் அவர்.

"நம்ம மாடு படத்துல வந்துருக்குன்னு சந்தோசப்படுவீயளா!"

"செவல இடத்துலயே பழகுனது, ஏட்டி. கழுத்த ஒரு பக்கமா சாச்சுக்கிட்டு நின்னுச்சு, பாத்தியா?"

"ஷூட்டிங் முடிஞ்ச கையோட நாமளும் ரெண்டு மாட்டையும் வித்து டிராக்டர் வாங்கியாச்சு. இப்ப எதுக்கு அது?"

அவர் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"வாங்குனவன்ட்ட எது இடம், எது வலம்னு சொல்லாம விட்டுட்டேன்."

"நா சொல்லித்தான் அனுப்புனேன். நீங்கதான் அந்தப் பக்கமே திரும்பாம நின்னீயளே."