நெட்டையனின் பிடி

ராத்திரி ஒன்றே முக்கால். கட்டட வேலை நடக்கிற இடத்தின் தகர வேலியை ஒட்டிய மண் ரோடு. ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஒருவன் தனியாக வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். என் கூட்டாளி ஒருவனின் மச்சான். இது அவனுக்கு நடந்தது. கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள்... காற்று வருகிறது.

மச்சான் டவர் கிரேன் ஓட்டுபவன். முப்பது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு நாற்காலி. ஏறிப் போக ஒரே ஒரு இரும்பு ஏணி. அந்த நாற்காலியில் ராத்திரி மச்சான் உட்காருவான். பகலில் நெட்டையன்.

நெட்டையன் என்றால் அங்கே எல்லாருக்கும் உயிர். "அவன் இறக்கினா பூ விழுற மாதிரி. நீ இறக்கினா இடி விழுற மாதிரி" என்று கீழே சுமைக்குக் கொக்கி மாட்டுகிறவர்கள் மச்சானின் முகத்துக்கு நேரே சொல்வார்கள். வயிறு எரியும். சோறு இறங்காது. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே ஆளிடம் தொழில் கற்றவர்கள். அவனுக்கு மட்டும் அந்தக் கை எங்கிருந்து வந்தது?

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவன் ஏறுகிறவனிடம் கோளாறைச் சொல்ல வேண்டும். ஏணி அடியில் நின்று சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்கள். முதல் நாள் ராத்திரி சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள்கூட அதை மட்டும் விடமாட்டார்கள்.

ஒரு விடியற்காலை, இறங்கும்போது உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு படி ஆடியது. மச்சான் கையால் அசைத்துப் பார்த்தான். போல்ட் இல்லை. கீழே நெட்டையன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"என்ன மச்சான், எல்லாம் சரிதானே?"

"எல்லாம் சரி."

அவ்வளவுதான். ஒரு தடவை கால் வழுக்கட்டும், பயத்தில் கை நடுங்கட்டும், இன்றைக்காவது ஒரு சுமையை டமாரென்று போடட்டும். அதற்கு மேல் அவன் நினைக்கவில்லை. இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இருக்கிறதே, தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தான்.

சிமென்ட் மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை.

மச்சான்தான் முதலில் ஓடினான். விழுந்து கிடந்தவன் இடுப்பில் பெல்ட் இருந்தது. ஏணியில் மாட்டும் கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கி வைத்திருந்தான் நெட்டையன். புதுக் கொக்கி கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறான். இன்ஜினியர் மூன்றையும் மடித்து டிராயருக்குள் போட்டிருக்கிறார்.

மத்தியானத்துக்குள் அறிக்கை தயார். 'பெல்ட் அணியாததால் மரணம். தொழிலாளியின் கவனக்குறைவு.' சாட்சிக் கையெழுத்து மச்சானுடையது. இன்ஜினியர் அவன் தோளில் தட்டினார். "போனவன் போயிட்டான். இருக்கிறவன் பொழப்பைப் பாருய்யா."

நெட்டையனின் மனைவி கேட்டில் நின்றாள். அழவில்லை.

"அண்ணே, வீட்டுப் பரண்ல ஏறினாக்கூட இடுப்புல கயிறு கட்டுற மனுஷன். பெல்ட் போடாமலா ஏறினாரு? நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. போடல."

பத்து நாள் போனது. பொறாமை அதோடு தீர்ந்திருக்க வேண்டும் இல்லையா? தீரவில்லை. சுமை கொஞ்சம் ஆடினாலும், "நெட்டையன் இருந்தா..." என்று வாக்கி டாக்கியில் ஒரு பெருமூச்சு வரும். உயிரோடிருந்தவனை என்றைக்காவது முந்தியிருக்கலாம். செத்தவனை எப்படி முந்துவது?

சாப்பிட்டுத் திரும்பிய அந்த ராத்திரி மச்சான் ஏணியைத் தொட்டபோது ஈரமாக இருந்தது. பழைய கிரீஸ் வாசனை. அவன் இடுப்பில் பெல்ட் இல்லை. ஸ்டோரில் இன்னும் புதுசு வரவில்லை. ஏற ஆரம்பித்தான்.

டங்... டங்... டங்...

மேலே யாரோ ஏறுகிறார்கள். மச்சான் நின்றான். அந்தச் சத்தம் இன்னும் ஒரு படி ஏறிவிட்டு நின்றது. அவசரமே இல்லாத கால். படிக்குப் படி ஒரே அளவு இடைவெளி. மச்சானுக்குப் பயத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. ஏறுவதில்கூட இவ்வளவு சுத்தமா, பாவி.

நெட்டையன் விழுந்த படிக்கு இன்னும் போல்ட் போடவில்லை. கம்பியால் கட்டியிருந்தார்கள். காலை வைத்தான். கம்பி 'டிக்' என்று அறுந்தது.

விழவில்லை.

மணிக்கட்டை ஒரு கை பிடித்திருந்தது. நீளமான விரல்கள். குளிர்ந்த கிரீஸ். மேலே பார்த்தான்... ஏணி மட்டும்தான் இருந்தது.

"விட்டுடாதடா..."

சுண்டு விரல் விலகியது.

"எனக்கும் பிள்ளைங்க இருக்குடா!"

அடுத்த விரல் விலகியது.

அப்போதுதான் புரிந்தது. நெஞ்சில் தொங்கிய வாக்கி டாக்கியை இன்னொரு கையால் அமுக்கினான். "படி ஆடுறது எனக்குத் தெரியும். வேணும்னேதான் சொல்லல. அவன் பெல்ட் போட்டிருந்தான். கொக்கிதான் இல்ல. நான் போட்டது பொய்க் கையெழுத்து."

விலகிய விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து இறுக்கின.

எப்படிக் கீழே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. வந்ததும் சொன்ன முதல் வார்த்தை இது: "அவன் இடத்துல நான் இருந்தா விட்டிருப்பேன். அதுலயும் என்னைத் தோக்கடிச்சிட்டான்."

மேலே அவன் சொன்னதைக் கீழே வாக்கி டாக்கியில் பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள். வேலை நின்றது. இன்ஜினியர் தூக்கக் கண்ணோடு வந்தார். "பேயாம், பிசாசாம்! வேலை செய்ய வலிக்குதா? நானே ஏறிப் பாக்கிறேன்." எங்கிருந்தோ இரண்டு புது பெல்ட் வந்தது. இரண்டையும் அவரே மாட்டிக்கொண்டார்.

டார்ச் வெளிச்சம் ஏறியது... ஏறியது... உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றது.

வாக்கி டாக்கி கரகரத்தது. "யாரு... கையை விடு." 'டிக்', 'டிக்' என்று இரண்டு பெல்ட் கொக்கியும் கழலும் சத்தம். பிறகு, "ஐயோ, விடாதே! விடாதே!"

பிறகு அவர் சொல்ல ஆரம்பித்தார். மூன்று கடிதமும் எந்த டிராயரில் கிடக்கிறது என்று சொன்னார். புதுக் கொக்கி வராமல் தடுத்தவர்களின் பெயர்களைச் சொன்னார்: முதலில் தன் பெயர். அடுத்தது ஸ்டோர்காரர் பெயர். மச்சான் வாயைப் பிளந்து கேட்டான். பத்து நாளாக யாரும் கேட்காத கேள்வியைச் செத்தவன் ஒரு கையால் கேட்கிறான். அந்த நேரத்திலும் அவனுக்குள் எரிந்தது.

மூன்றாவதாக வந்தது கம்பெனியில் ரொம்பப் பெரிய ஒருவரின் பெயர். ஆபீஸ் மேனேஜர் வெறும் காலோடு ஓடி வந்தார். "அணைங்கய்யா எல்லாத்தையும்!" பன்னிரண்டு வாக்கி டாக்கியையும் பிடுங்கினார். ஒன்று விடாமல் பேட்டரியைக் கழற்றி, மேஜையில் வரிசையாக வைத்தார்.

கொஞ்ச நேரம் தகரம் படபடக்கிற சத்தம் மட்டும்...

அப்புறம் நாலாவது பெயர் வந்தது. பன்னிரண்டிலிருந்தும். அது அந்த மேனேஜரின் பெயர்.