ஓதப் போனவளும் ஓடிப் போனவளும்

ஹலோ... ஆமா, டாக்டர் நோயல் வீடுதான்... டாடி ஆஸ்பத்திரியில இருக்காங்க. நான் அவங்க பொண்ணு பெட்டி பேசறேன்... ஓ, சேஷகிரி அங்கிளா! ராஜலக்ஷ்மியோட அப்பா! சொல்லுங்க அங்கிள்... மெதுவா, மெதுவா... என்னது? ராஜம் ஓடிப் போயிட்டாளா? யார்கூட?... ஐயோ, நான் சொல்லலே, நீங்கதானே சொன்னீங்க!

ஒரு நிமிஷம் அங்கிள், அடுப்புல பால்... (ராஜம்! கட்டிலுக்கடியிலேர்ந்து வெளியே வாடீ. நீ எவன்கூடவோ ஓடிப் போயிட்டியாம்! அழாதே, சும்மா இரு. ப்ராக்ரஸ் கார்டைக் கசக்காதே.)

ஆங், சொல்லுங்க... கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து பக்கத்து வீட்டு கௌரம்மாவைக் கேட்டீங்களா? அவங்க என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க... "ஓதோக்கே ஹோதளு"... ம்... ம்... (ஐயோ, தாங்கலைடீ! ‘படிக்கப் போனா’ன்னு அந்தம்மா கன்னடத்துல சொல்லியிருக்கு. உங்கப்பா காதுல ‘ஓடிப் போனா’ன்னு விழுந்திருக்கு!)... இல்லே அங்கிள், சிரிக்கலே, இருமல். கும்பகோணத்திலேர்ந்து வந்து எத்தனை மாசம் ஆச்சு?... மூணா? அதான்.

போலீசுக்கா? வேணாம், வேணாம்! ஒண்ணு கேக்கறேன் அங்கிள். இப்ப ராஜம் வந்து முன்னால நின்னா என்ன செய்வீங்க?... திட்டக்கூட மாட்டீங்களா? என்ன தப்பு செஞ்சிருந்தாலும்?... சத்தியமா?... பெருமாள் மேலயா? சரி. அது போதும்.

எங்க வீட்டுலதான் இருக்கா... ஆமா, ஆமா... எவனும் இல்லே அங்கிள், எவனுமே இல்லே! இந்த ஊர்ல ஓதறதுன்னா படிக்கறது... ஆமா, அவ்வளவுதான்... ஆன்ட்டியை அழவேணாம்னு சொல்லுங்க... ஓடிப் போறதுக்கு, கணக்குல பதினேழு வாங்கறது தேவலைதானே?... நூத்துக்குத்தான்... ஹலோ?... அங்கிள், பெருமாள்! பெருமாள்!

இல்லே, சோம்பேறித்தனம் இல்லே. பரீட்சைன்னா அவளுக்குத் தெரிஞ்ச கணக்கே மறந்து போகுது. நாலு நாளா சரியா சாப்பிடலே. விடியக்காலம் நாலு மணிக்கு மூஞ்சியில தண்ணி தெளிச்சு எழுப்பி, சித்தப்பா பையன் ஆராவமுதன் மாதிரி வா, ஆராவமுதன் மாதிரி வான்னா... அவனை நான் பார்த்ததே இல்லே, எனக்கே பிடிக்கலே. கோவிச்சுக்காதீங்க அங்கிள், உங்களுக்குப் பயந்துதான் எங்க கட்டிலுக்கடியில உக்காந்திருக்கா... ம்... ம்... நீங்க அழுதா எனக்கும் அழுகை வரும்...

(கார்டுல கையெழுத்துப் போடறாராம்டீ. நாலு மணிக்கு எழுப்ப மாட்டாராம். போறியா?) வர்றாளாம் அங்கிள்! தலையை ஆட்டறா. ஜட்கா வெச்சுக்கிட்டு நீங்களே வாங்க.

என்னது?... என் மார்க்கா?... லைன் சரியில்லே... கேக்குது, கேக்குது... பன்னெண்டு... ம்... டாடிக்கு இன்னும் தெரியாது... பயமாத்தான் இருக்கு, ரொம்ப. ராஜத்துக்கிட்டகூட சொல்லலே. அங்கிள், ஒரே ஒரு உபகாரம். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டு, பெட்டி ஓடிப் போயிட்டான்னு சொல்றீங்களா? அஞ்சே நிமிஷம். அப்புறம் கிடைச்சுட்டான்னு சொல்லிடுங்க... நிஜமாவா?... எவன்கூடன்னு கேட்டாங்கன்னா?... யாரையாவது சொல்லுங்க அங்கிள். நல்லா கணக்குப் போடறவனா இருக்கட்டும். வெச்சுடறேன்!