தாத்தாவின் சிவப்பு சூப்

நான் நன்றாகச் சமைப்பேன் ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். முதலாளி வீட்டில் நான் அடுப்படியில் இருந்தவரைக்கும், சாப்பாடு சரியில்லை என்று ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

அதற்கு முன் அவருடைய மிட்டாய் ஆலையில், கலவை அறையில் இருந்தேன். சிவப்புத் தூளை அளந்து சர்க்கரைப் பாகில் கொட்டுவது என் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலில் சிவப்புப் போகாது. சனிக்கிழமை வந்தால் உடைந்த மிட்டாய்களைப் பை நிறைய அள்ளி எங்களுக்குச் சும்மா கொடுப்பார்கள். தாராள மனசு என்று வாழ்த்திக்கொண்டே வாங்கிப் போவோம். என் மகள் வாசலிலேயே காத்திருப்பாள். தின்றுவிட்டு, சிவந்த நாக்கை நீட்டிக் காட்டிச் சிரிப்பாள்.

அவளுக்கு ஏழு வயதில் ஈரல் கெட்டது. "குழந்தைக்கு என்னம்மா குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். மிட்டாயைக் கொண்டுபோய்க் காட்டினேன். சோதித்துப் பார்த்துவிட்டு, துணிக்குப் போடுகிற சாயம் என்றார்கள். கடைக்குப் போகிற மிட்டாய் உறையில் பழங்களின் படம் போட்டிருந்தது. அவள் பிழைக்கவில்லை.

முதலாளியைப் போய்ப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, உட்காரச் சொன்னார். "நாங்க யார் வாயிலயும் திணிக்கலையேம்மா. கேட்டாங்க, குடுத்தோம்" என்றார். மேசைமேல் அவர் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுக் கேரியர் இருந்தது. பாக்கெட்டில் அடைத்த எதையும் வீட்டு வாசற்படி தாண்ட விடமாட்டாராம். அவருடைய டிரைவர் சொன்னார். அன்றைக்கு எரிந்த வயிறு எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலையை விட்டபோது டப்பா நிறையத் தூள் எடுத்துவந்தேன். பிறகு அவர் வீட்டுக்குச் சமையல் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். மகளைப் பறிகொடுத்தவள் முகம் அவருக்கு நினைவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

அவருக்குத் தக்காளி சூப் என்றால் உயிர். தினமும் வைத்தேன், தினமும் அந்தத் தூளைக் கலந்தேன். அவர் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்காத எதையும் நான் அவருக்குக் கொடுக்கவில்லை. "உன் கைப்பக்குவமே தனிம்மா. இந்த நிறம் எந்தக் கடையில வரும்?" என்பார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவருக்குப் பசி போனது, கண் மஞ்சளானது, வயிறு வீங்கியது. என் மகளுக்கு வந்த அதே வரிசை. வெளிச்சாப்பாடே கூடாது என்றார் டாக்டர். அதனால் மூன்று வேளையும் நானே ஊட்டினேன். சாகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எனக்கு மக மாதிரி" என்றார். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நீங்கள் அவருடைய பேத்தியைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவள்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. பள்ளிவிட்டு வந்ததும் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கென்று காய்கறி சூப் தனியாகத்தான் வைத்தேன். "எனக்கும் தாத்தாவோட செவப்பு சூப்தான் வேணும் அத்தை" என்று அடம்பிடித்தாள். முதல் நாள் இல்லை என்றேன். மறுநாள் குடித்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டிச் சிரித்தாள். அதற்குப் பிறகு தினமும் இரண்டு கிண்ணம் வைத்தேன்.

இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்கிறீர்கள். பாவம்தான். ஆனால் அந்தப் பழியை என் தலையில் கட்டாதீர்கள் ஐயா. அவள் வாயில் நான் திணிக்கவில்லை. கேட்டாள், கொடுத்தேன்.