படுத்த கன்னம்

லிண்டீவே: ஐயோ... இதுக்குப் பேரு மூஞ்சியா?

டுமெலாங்: பெருக்க வந்தா பெருக்கிட்டுப் போங்கக்கா.

லிண்டீவே: கண்ணை மூடிட்டா பெருக்க முடியும்? மூணு வாரமா மண்டை ஓட்டுல களிமண்ணை அப்பி அப்பி, கடைசியில ஊறின பன்னு மாதிரி ஒரு தலை!

டுமெலாங்: அப்புறது இல்ல, அளவு. மண்டை ஓட்டுல இருபத்தோரு இடம். எந்த இடத்துல சதை எத்தனை மில்லிமீட்டர்னு அட்டவணை இருக்கு. அந்த உயரத்துக்கு ரப்பர் குச்சி ஒட்டி, அது மட்டத்துக்குத்தான் களிமண்ணு வைப்பேன். எல்லாம் கணக்கு.

லிண்டீவே: கணக்கு இருக்கு. ஆளு எங்க?

டுமெலாங்: என்ன குறை இப்போ?

லிண்டீவே: கன்னம் முன்னால ஒட்டிப்போய்க் கிடக்கு, காதோரம் புடைச்சிருக்கு. பிரிட்டோரியா முழுக்கத் தேடு, இப்படி ஒருத்தனைக் காட்டு.

டுமெலாங்: நூத்திப்பத்து பேரை ஆஸ்பத்திரி ஸ்கேன்ல அளந்தது. அத்தனையும் நம்ம ஆளுங்க. அமெரிக்காக்காரன் கணக்கை வாங்கி ஒட்டல.

லிண்டீவே: ஸ்கேன்ல எப்படி... உட்கார வச்சா?

டுமெலாங்: மல்லாக்கப் படுக்க வச்சுதான். ஏன்?

லிண்டீவே: ஏனா? மல்லாந்து கிடந்தவன் கன்னத்தை அளந்து, நிமிர்ந்து நடந்தவனுக்கு ஒட்டியிருக்க! எத்தனை வருஷம் படிச்ச?

டுமெலாங்: ஒன்பது... அதெல்லாம் பெரிய வித்தியாசம் வராதுக்கா.

லிண்டீவே: அந்தப் பசை தடவி அளக்குற கருவியை எடு. இதோ உட்கார்ந்துட்டேன். அள.

டுமெலாங்: எனக்கு வேலை இருக்கு...

லிண்டீவே: அள-ங்கறேன்!

டுமெலாங்: சரி, சரி. பேசாதீங்க, சதை அசையுது... பதினெட்டு. இப்போ படுங்க.

லிண்டீவே: ம்ம்.

டுமெலாங்: ...பதினாலு.

லிண்டீவே: நாலு எங்க போச்சு, டாக்டரே?

டுமெலாங்: காதுப் பக்கம்... சரிஞ்சிருக்கு.

லிண்டீவே: ஒன்பது வருஷம்! சந்தையில கோழி வாங்குறவகூட தூக்கிப் பிடிச்சுதான் பார்ப்பா.

டுமெலாங்: சிரிங்க, நல்லாச் சிரிங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் படம் எடுக்க வர்றாங்க.

லிண்டீவே: இந்த மூஞ்சியைப் பேப்பர்ல போட்டா, பெத்தவளே பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிடுவா. அப்புறம் என்ன செய்வீங்க?

டுமெலாங்: ஒரு மாசம் பார்ப்போம். யாரும் வரலைன்னா நம்பர் போட்டுப் புதைச்சிடுவாங்க.

லிண்டீவே: நம்பர்...

டுமெலாங்: வர்றவங்களும் சும்மா வர முடியாது. அடையாள அட்டை காட்டணும், டி.என்.ஏ. ஒத்துப்பார்க்க எச்சில் குடுக்கணும். அட்டை சரியில்லைன்னா எல்லை தாண்டி, லிம்போபோ ஆத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிடுவாங்க.

லிண்டீவே: தெரியும், தெரியும். நீ கன்னத்தை எடு. காதோரம் வழி... இன்னும். முன்னால வை. இன்னும் கொஞ்சம்... போதும், போதும்! குண்டாக்கிடாத.

டுமெலாங்: இப்போ?

லிண்டீவே: இப்போதான் எழுந்து உட்கார்ந்திருக்கான். வாயை ஏன் இறுக்கி மூடியிருக்க?

டுமெலாங்: மூடித்தான் செய்யணும். அதுதான் முறை.

லிண்டீவே: முறையாம்! முன்பல்லு ரெண்டும் இப்படி விலகிக் கிடக்கு. அதை மண்ணுக்குள்ள மறைச்சிட்டு, ஆளைக் கண்டுபிடின்னா எவன் கண்டுபிடிப்பான்? திற வாயை. பொழுதுக்கும் சிரிச்சிட்டே இருப்பான்.

டுமெலாங்: இருப்பானா?

லிண்டீவே: ...பல்லைப் பார்த்தா தெரியாதா?

டுமெலாங்: சரி, திறக்குறேன்.

லிண்டீவே: காதும் நல்லால்ல.

டுமெலாங்: காது எலும்புல தெரியாதுக்கா. அதுக்கு அட்டவணையும் இல்ல. சும்மா ஒண்ணு ஒட்டியிருக்கேன்.

லிண்டீவே: பார்த்தாலே தெரியுது, சும்மா ஒட்டினதுன்னு.

டுமெலாங்: அக்கா... இந்த அறையில ஒன்பது மண்டை ஓடு இருக்கு. நீங்க இந்த மேசைகிட்ட வரும்போது மட்டும் செருப்பைக் கழட்டுறீங்க.

லிண்டீவே: தரை ஈரம்.

டுமெலாங்: இன்னைக்கு நீங்க இன்னும் தண்ணியே எடுக்கல. மயானத்துல எங்க வீட்லயும் கழட்டுவாங்க. நான் எதுவும் கேட்கல, அட்டையும் கேட்கல. காதை மட்டும் சொல்லுங்க.

லிண்டீவே: இடது காது... கீழ் மடல் பிஞ்சிருக்கும். நான்தான் கடிச்சேன். எனக்கு ஏழு வயசு, அண்ணனுக்கு ஒன்பது. மூணு வாரம் முன்னாடி நீ பெட்டியைத் திறந்த அன்னைக்கே பல்லைப் பார்த்துட்டேன், தம்பி. எச்சில் எடுக்குற குச்சியைக் கொண்டா. பேரு ம்தாபிசி. தங்கச்சி பேரு நோபுகோசின்னு எழுதிக்கோ. லிண்டீவேங்கிறது என் அட்டையில மட்டும்தான்.