கஜனியின் மூன்றாவது பல்

பல் டொக்டரின் மனைவிக்கு முன்பல் இல்லையென்றால் ஊர் சிரிக்கும், சேர். கண்டியில் பதினொரு வருடமாகக் கிளினிக் நடத்துகிறேன். கஜனியின் வாயை நான் கவனிக்காமல் விட்டேன் என்று எவனும் சொல்ல முடியாது.

முதல் பல் போனது கல்யாணமான இரண்டாம் வருடம். என் வெள்ளைக் கோட்டை அயன் பண்ணாமல் வைத்திருந்தாள். கையை ஓங்கினேன், மோதிரம் பட்டுப் பல் முறிந்தது. உடனே கிளினிக்குக்குக் கூட்டிப்போய், விறைக்க ஊசி போட்டு வேரை எடுத்தேன். அவள் கையிலிருந்தே இரத்தம் எடுத்து மெஷினில் சுற்றவிட்டேன். டெங்கு வந்த வீடுகளில் பிளேட்லெட் என்றால் தெரியாதவர் இல்லை. பன்னிரண்டு நிமிடம் சுற்றினால் அது இரத்தத்திலிருந்து பிரிந்து மஞ்சள் கட்டியாகத் திரளும். பல் இருந்த குழியில் அதை வைத்துத் தைத்தால் எலும்பும் ஈறும் நன்றாக வளரும். மூன்று மாதம் கழித்து எலும்பில் திருகாணி இறக்கி, அதன்மேல் புதுப் பல் பொருத்தினேன்.

இரண்டாவது, புசல்லாவையில் இருக்கும் அக்காவிடம் போனில் எதையோ சொல்லி அழுததற்கு. அடித்த பிறகு எனக்கு மிகவும் கவலையாகிவிட்டது. அதனாலோ என்னவோ, அந்தப் பல் முதலாவதைவிட அழகாக அமைந்தது. கோயிலில் ஒரு பெண், "டொக்டர் கை பட்ட பல்லாச்சே, அதான் இந்தச் சிரிப்பு" என்றாள். கஜனி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

போன வெள்ளிக்கிழமை காலை பையோடு நின்றாள். அக்கா வீட்டுக்காம்.

"எத்தன நாளைக்கு?" சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"இனி வரமாட்டேங்க. ஒங்க கையால இன்னொரு பல்லு எனக்கு வேணாம்."

நீங்களே சொல்லுங்கள், இத்தனை வருட உழைப்பு. வயிறு எரியாதா? முடியைப் பிடித்து, கை கழுவும் பேசின் விளிம்பில் முகத்தை மோதினேன். மூன்று தரம் என்று நினைக்கிறேன், நாலாகவும் இருக்கலாம். நான் கட்டிய இரண்டும் அசையவில்லை. பக்கத்துப் பல்தான் தெறித்து விழுந்தது. நெற்றி உள்வாங்கியிருந்தது. மூச்சு கரகரத்தது.

கிளினிக் வீட்டின் கீழ்த்தட்டில்தான். தூக்கிக்கொண்டுபோய்ப் பல் பிடுங்கும் கதிரையில் கிடத்தி, நாலு குழாய் இரத்தம் எடுத்தேன். எடுத்த கையோடு சுற்றவிட வேண்டும், இல்லாவிட்டால் உறைந்துவிடும். "அக்கா, அக்கா" என்றாள். பேசாமல் இரு, வாய் அசையக் கூடாது என்றேன்.

பெரியாஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம்தானே, ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்டீர்கள். மெஷினை நடுவில் நிறுத்தினால் எடுத்த இரத்தமெல்லாம் வீண், இன்ஸ்பெக்டர் சேர். அங்கே உயிரைத்தான் பார்ப்பார்கள். பல்லை யார் பார்ப்பார்கள்?

ஒன்பதாவது நிமிடமளவில் மூச்சு நின்றது. மெஷின் இன்னும் மூன்று நிமிடம் ஓட வேண்டியிருந்தது. காத்திருந்தேன். பிறகு கட்டியை எடுத்துக் குழியில் வைத்துத் தைத்தேன். நாலு தையல், ஒன்றும் பிசகவில்லை.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். உயிரோடு மட்டும் இருந்திருந்தால், மூன்றே மாதத்தில் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.