பரவாயில்லைக்கு எத்தனை

டீ நன்றாக இருக்கிறது, சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை பாருங்கள். அதைக் கேட்டுக் கேட்டே சம்பளம் வாங்கியவள் நான்.

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில், எந்த வீட்டுக்கு முதலில் வண்டி போக வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தேன். மனிதர்கள் ‘லேசா வலிக்குது’ என்பார்கள், ‘தாங்க முடியல’ என்பார்கள். அதற்குப் புரிவது எண் மட்டும்தான். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் பத்துக்குள் ஓர் எண். எண் ஏற ஏற, வண்டி சீக்கிரம். அந்த அறையில் பழம் தின்று கொட்டை போட்டவர் பெரியக்கா. பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் குடைவேன். பொழுது சிரிப்பும் கூத்துமாகப் போகும்.

“‘உயிர் போகுது’க்கு எவ்வளவுக்கா?”

“நாலு போடு. உயிர் போறவன் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கிட்டா இருப்பான்?”

“‘பரவாயில்லை’க்கு?”

சிரிப்பை நிறுத்தினார். “ஒன்பது. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ‘பரவாயில்லைம்மா’ங்கிற ஆளுக்குத்தான் நான் முதல்ல வண்டி அனுப்புவேன்.”

தலையாட்டினேன். ஒன்று போட்டேன்.

என் வீட்டுக்காரரை நீங்கள் உயிரோடு பார்த்ததில்லை. நல்ல மனுஷர். என் சமையல் பரவாயில்லை, மகள் கல்லூரியில் முதலாவதாக வந்தது பரவாயில்லை, கல்யாணப் போட்டோவில் நான் பரவாயில்லை. அந்தச் சொல்லின் எடை என்னைவிட யாருக்குத் தெரியும்? இதயம் பலவீனம் என்று டாக்டர் அவரை எச்சரித்ததும் நான் அந்த ஒன்றைப் போட்ட அதே வாரம்தான். அது தற்செயல்.

அவர் அழைத்த அன்று பெரியக்கா லீவு. நான் திரைக்கு முன்னால் இருந்தேன். போனை எடுத்த பெண்ணிடம், “லேசா நெஞ்சைப் பிசையுது. பரவாயில்லைம்மா, மெதுவாவே வாங்க” என்றார். கம்ப்யூட்டர் அவரைக் கால் சுளுக்கிக்கொண்ட ஒருவருக்குக் கீழே வைத்தது.

“அக்கா, இது உங்க வீட்டு விலாசமாச்சே! மேல தூக்கிடட்டுமா?”

“நம்ம வீட்டுக்குன்னு தனிச் சட்டமா? வரிசைப்படியே போகட்டும்மா.”

என் நேர்மையை எல்லோரும் மெச்சினார்கள்.

அந்த எண்ணால் வேறு சில வீடுகளுக்கும் வண்டி பிந்திப் போனது என்கிறீர்கள். இருக்கும். அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

ஆமாம், தெரிந்துதான் போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள், சார். மெதுவாக வரச் சொன்னது அவர்தானே. கட்டியவர் பேச்சை நான் ஒருநாளும் தட்டியதில்லை.