மூணாவது கடைக் காபி

பவுசியா: ...அட, குடிச்சுட்டு சும்மா இருந்தா எப்படி மச்சான்? சொல்லுங்க.

அன்வர்: மொதல்ல நீ சொல்லு.

பவுசியா: நல்லாருக்கே! தோஹா ஓட்டல்ல வருசக்கணக்கா காபி போட்டவுக நீங்க. எங்கிட்டக் கேட்டா?

அன்வர்: நான் தொழில்காரன், புள்ள. நம்ம கடைக்கு வரப்போறவுக ஒன்னய மாதிரிதான இருப்பாக. ஒன் நாக்குதான் முக்கியம்.

பவுசியா: டம்ளரை மூக்குக்கிட்ட வச்சு ஒரு இழுப்பு இழுத்தீங்களே... அதுல என்ன தெரிஞ்சுச்சு?

அன்வர்: ம்... வறுப்பு நல்ல வறுப்பு. பாலும் கெட்டிப் பாலு.

பவுசியா: பாலு நல்லாருக்கா?

அன்வர்: நல்லாத்தான் இருக்கு. ஏன்?

பவுசியா: இல்ல... அந்தா, அவரு பாதி காபியை அப்புடியே வச்சுட்டு எந்திரிச்சுப் போறாரு.

அன்வர்: பஸ்ஸு வந்திருக்கும். பஸ்டாண்டு எதுத்தாப்புல கடை வச்சா அப்புடித்தான். நம்ம அன்னவாசல்ல அந்தத் தொந்தரவு இல்ல. சித்தன்னவாசல் பாக்க வர்றவுக நின்னு நெதானமாக் குடிப்பாக.

பவுசியா: அடிப்பிடிச்ச பாலைக் குடுத்தா அங்கயும் வச்சுட்டுத்தான் போவாக.

அன்வர்: அடி... ஆமா, லேசாப் பிடிச்சிருக்கு. சொல்ல வேணாமேன்னு பாத்தேன். அடுத்தவுக கடையில ஒக்காந்துக்கிட்டு எதுக்கு...

பவுசியா: சரி. எந்திரிங்க, அடுத்த கடைக்குப் போவோம்.

*

அன்வர்: இந்தா, இதான் கீழராஜவீதியில புதுசாத் தொறந்த கடை. மெஷினைப் பாத்தியா? இத்தாலிக்காரன் மெஷின். தோஹாவுல இதே மாதிரி ரெண்டு நின்னுச்சு. அந்தக் கைப்பிடியை இழுக்குறான் பாரு... தூளை இன்னும் நல்லா அமுக்கணும். தண்ணி வேகமா எறங்குது, பாக்குறப்பவே தெரியுது.

பவுசியா: வந்ததுலேர்ந்து மெஷினைப் பத்தியே பேசுறீங்க. காபி ஆறுது.

அன்வர்: குடிச்சுட்டேன்ல.

பவுசியா: ஏலக்காய் போட்டிருக்காக போல?

அன்வர்: ஆமா, ஆமா. லேசா.

பவுசியா: லேசாவா?

அன்வர்: கொஞ்சம் தூக்கலாத்தான் விழுந்திருக்கு. நம்ம கடையில இந்த வேலையே வேணாம். காபின்னா காபி மட்டும்... என்ன அப்புடிப் பாக்குற?

பவுசியா: எனக்கு ஏலக்காய் வாசமே வரலை மச்சான். சும்மா கேட்டுப் பாத்தேன்.

அன்வர்: ...ஒனக்குச் சளி பிடிச்சிருக்கு.

பவுசியா: எனக்கா?

அன்வர்: போதும் பவுசியா. பாப்பா ஒங்கம்மாவைப் படுத்தி எடுக்கும். வீட்டுக்குப் போவோம்.

பவுசியா: இன்னும் ஒரே ஒரு கடை. திருக்கோகர்ணத்துப் பக்கம், ராஜலட்சுமின்னு ஒரு அக்கா நடத்துறாக.

அன்வர்: எனக்குத் தலை வலிக்குது.

பவுசியா: தலைவலிக்குக் காபிதான மருந்து? வண்டியை எடுங்க.

*

பவுசியா: வண்டியை வேப்ப மரத்து நெழல்ல போட்டுட்டு வாங்க. நான் சொல்லிட்டேன், இப்ப வந்துரும்.

அன்வர்: கடை அடக்கமா இருக்கே. இந்த அளவு போதும் நமக்கும்.

பவுசியா: இந்தாங்க.

அன்வர்: நல்ல சூடு... ம். இதான் புள்ள! காலையிலேர்ந்து குடிச்சதுல இதான் காபி.

பவுசியா: நெசமாவா?

அன்வர்: டிகாக்‌ஷன் எப்புடி எறங்கியிருக்கு பாரு. பொடி அன்னன்னைக்கு அரைக்கிறாக. சிக்கரி கம்மி. நாக்குல நிக்குதுல்ல?

பவுசியா: வாசம்?

அன்வர்: ஆளைத் தூக்குது.

பவுசியா: மச்சான்...

அன்வர்: எதுக்குக் கண்ணு கலங்குற? என்ன ஆச்சு?

ராஜலட்சுமி: டீ எப்படி இருக்குங்கண்ணே? இஞ்சி போடாம சாதா டீயாக் கேட்டாக அக்கா. சீனி போதுமா?

பவுசியா: போதும்க்கா. நல்லாருக்கு.

ராஜலட்சுமி: கடைக்கு ‘காபி’ன்னு போர்டு வச்சுப்புட்டேன், பாதிப் பேரு டீதான் கேக்குறாக. என்ன செய்யிறது... வேற ஏதும் வேணுமா?

பவுசியா: வேணாம்க்கா. கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போறோம்.

ராஜலட்சுமி: தாராளமா ஒக்காருங்க.

அன்வர்: ...ஏன் இப்புடிப் பண்ணுன?

பவுசியா: எப்பலேர்ந்து மச்சான்?

அன்வர்: மெதுவாப் பேசு.

பவுசியா: மெதுவாத்தான் பேசுறேன். எப்பலேர்ந்து?

அன்வர்: அந்தக் காய்ச்சல் வந்துச்சுல்ல, தோஹாவுல. ஒரு வாரம் படுத்துக் கெடந்தேனே... அது விட்ட பெறகு. அத்தரு, மீனு, கறி... எதுவுமே தெரியலை. தித்திப்பும் கசப்பும் மட்டும் தெரியும். மூக்கு செத்துப்போச்சு.

பவுசியா: டாக்டர்கிட்டப் போனீங்களா?

அன்வர்: அங்க ரெண்டு டாக்டரைப் பாத்தேன். வந்தாலும் வரும், வராமயும் போகும்னாக. வரலை.

பவுசியா: அப்ப நீங்களா வேலையை விட்டுட்டு வந்தேன்னு சொன்னது?

அன்வர்: நானா எங்க விட்டேன்... திரிஞ்ச பாலை ஊத்தி ஒரு பார்ட்டிக்கே காபி அனுப்பிட்டேன். பழைய ஆளுன்னு மரியாதையா டிக்கெட் எடுத்துக் குடுத்தாக.

பவுசியா: யா அல்லாஹ்... எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?

அன்வர்: என்னன்னு சொல்றது? ஏர்போர்ட்ல பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நின்ன. ‘இனிமே போக மாட்டீங்கள்ல’ன்னு கேட்ட. அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்புடிச் சொல்லுவேன்? எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு தொழிலு. இதுவும் போச்சுன்னா நான் யாரு பவுசியா?

பவுசியா: பாப்பாவோட அத்தா.

அன்வர்: பேசுறதுக்கு நல்லாருக்கும்.

பவுசியா: நான் பேச்சுக்குச் சொல்லலை.

அன்வர்: இங்க பாரு... வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு ஹஜ்ரத்து வந்து ஓதுறாக. ஊரெல்லாம் சொல்லியாச்சு. தொறந்துருவோம். அளவெல்லாம் கையில இருக்கு, கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன். ருசி மட்டும் நீ பாத்துச் சொல்லு. ஒங்கண்ணனுக்குத் தெரிய வேணாம். ஒருத்தருக்கும் தெரிய வேணாம்.

பவுசியா: அடுப்பைப் பத்த வைக்கப் போறது யாரு மச்சான்?

அன்வர்: நாந்தான். ஏன் கேக்குற?

பவுசியா: ஒண்ணுமில்ல.

அன்வர்: பயப்படாத புள்ள. காபி வாசம் தெரியலை, அம்புட்டுத்தான? அதுல என்ன, உசுரா போயிரப் போகுது?

பவுசியா: முந்தாநாளு நம்ம கடைக்குச் சோறு கொண்டாந்தேன்ல... ரோட்டுலயே கேஸ் வாடை மூஞ்சியில அடிச்சுச்சு மச்சான். உள்ள வந்து பாத்தா, பாப்பா மூக்கைப் பொத்திக்கிட்டு ‘அத்தா, நாறுது’ங்குது. நீங்க ‘பெயிண்டுதான்டா’ன்னு சிரிச்சுக்கிட்டே லைட்டரைக் கையில எடுக்குறீங்க. ‘பாப்பாவுக்கு மிட்டாய் வாங்கிக் குடுங்க’ன்னு கத்தி, ஒங்க ரெண்டு பேரையும் வெளிய வெரட்டுனது எதுக்குன்னு நெனச்சீங்க? நீங்க திரும்பி வர்றதுக்குள்ள சிலிண்டரை மூடிட்டு, கதவு சன்னலெல்லாம் தொறந்து விட்டுட்டு, அந்த வாசப்படியிலயே ஒக்காந்துட்டேன். சளியா இருக்கணும், சளியா இருக்கணும்னு ரெண்டு நாளா துவாக் கேட்டுக்கிட்டுத்தான் இன்னைக்கு ஒங்களைக் கடை கடையாக் கூட்டியாந்தேன். வெள்ளிக்கிழமை தொறப்போம் மச்சான், யாருகிட்டயும் சொல்லலை. ஆனா அடுப்பு எங்கிட்டத்தான்... நான் வராம நீங்க கடைக்குள்ள கால் வைக்கக் கூடாது.